கொரியா ரேட்டு!

"மேடம்கிட்ட சொல்லு தம்பி... ரெண்டாயிரம் ஆகும்!"

பாத்ரூம் வாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தபடி ப்ளம்பர் அண்ணன் சொன்னார். ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் நிற்காமல் ஒழுகுது. உள்ளே ஒரு வால்வு மாத்தணும். அவ்ளோதான் மேட்டர். அதே வேலையைப் போன மாசம்தான் எங்க வீட்டிலும் செய்திருந்தார். எண்ணூறு கேட்டார். எங்கப்பா பேரம் பேசி அறுநூறு கொடுத்தார்.

நான் திரும்பி, செம ஸ்டைலா, "டூ தௌசண்ட்" என்றேன்.

அந்த மேடம் மறு வார்த்தை பேசலை. நாலு ஐநூறு ரூபாய் நோட்டை ரெண்டு கையாலும் பிடித்து, லேசாகக் குனிந்து நீட்டினார். ப்ளம்பர் அண்ணனுக்கே கூச்சம். பேன்ட்டில் கையை ரெண்டு தடவை துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். மாடிப்படி இறங்கும்போது என் சட்டைப் பையில் ஒரு இருநூறு ரூபாய் நோட்டு விழுந்தது. "டீ சாப்பிடு தம்பி!"

சாப்பிட்டேன் பாஸ். டீ மட்டுமில்லை, மேடவாக்கத்தில் ரெண்டு செட் பரோட்டாவும் சாப்பிட்டேன். அந்த இருநூறு ரூபாய் செரிக்காத கதைதான் இது.

மூணு தண்ணி எதுக்கு?

எங்க அபார்ட்மென்ட் பள்ளிக்கரணையில், வேளச்சேரி-தாம்பரம் மெயின் ரோட்டிலிருந்து நாலு தெரு உள்ளே. மொத்தம் பன்னிரண்டு வீடு. 2023 ஜூலையில் ப்ளஸ் டூ முடிச்சிட்டு கவுன்சலிங் லெட்டருக்காக நான் வெட்டியா காத்திருந்த நேரம், எங்களுக்கு மேல் வீட்டில் கொரியாவிலிருந்து ஒரு தம்பதி குடி வந்தாங்க. சாருக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. காலையில் ஆறரைக்குக் கிளம்பினால் ராத்திரிதான் வருவார். மேடம் வீட்டில். அவருக்குத் தமிழ் சுத்தமா தெரியாது, இங்கிலீஷ் அரைகுறை. எனக்கும் அப்படியேதான், அதனால ஈஸியா செட் ஆயிடுச்சு. ரெண்டே நாளில் அபார்ட்மென்ட் முழுக்க அவருக்கு 'கொரியாக்கா'னு பேர் வைத்துவிட்டது.

கொரியாக்காரங்க சென்னைக்குப் புதுசு இல்லை. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் வைத்தது. 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. பின்னாடியே உதிரிபாகக் கம்பெனிகள், கொரியன் ஹோட்டல்கள், கொரியன் மளிகைக் கடைகள் எல்லாம் வந்தாச்சு. ஆனா பள்ளிக்கரணையில், எங்க தெருவில், குழாய் ரிப்பேருக்கு ஆள் தேடுற கொரியாக்காரரை நாங்க பார்த்தது அதுதான் முதல் தடவை.

வீட்டு ஓனர் குரோம்பேட்டையில் இருக்கிறார். வெளிநாட்டுக்காரருக்கு வீடு விட்டால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் தரணும், அப்போ அதுக்குப் பேர் 'ஃபார்ம் சி'. அதை நிரப்பவே அவருக்கு நாக்கு தள்ளிடுச்சு. அதுக்கப்புறம் பயந்து பயந்து பத்து மாச அட்வான்ஸ் கேட்டிருக்கிறார். கொரியா சார் சிரிச்சிட்டே ஓகே சொல்லிட்டாராம். காரணம் எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது. அவங்க ஊரில் 'ஜொன்சே'னு ஒரு முறை இருக்கு. வீட்டு விலையில் பாதிக்கு மேலேகூட மொத்தமா டெபாசிட் கட்டணும், மாச வாடகை கிடையாது, காலி பண்ணும்போது பணம் திரும்ப வந்துடும். பத்து மாச அட்வான்ஸெல்லாம் அவங்களுக்கு ஜுஜுபி!

ஆனா தண்ணி விஷயத்தில் அக்கா டரியல் ஆயிட்டாங்க. எங்க பில்டிங்கில் போர் தண்ணி மஞ்சளா வரும், அது பாத்ரூமுக்கு. லாரித் தண்ணி சம்ப்பில் இறங்கும், அது பாத்திரம் கழுவ, குளிக்க. கேன் தண்ணி குடிக்க. "ஒரு வீட்டுக்கு மூணு தண்ணி எதுக்கு?" என்று கேட்டார். சியோலில் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணிக்கே 'அரிசு'னு பேர் வைத்து, குடிங்க குடிங்கனு அரசாங்கமே விளம்பரம் பண்ணுமாம்.

பிறந்ததிலிருந்து இங்கே இருக்கேன், இந்தக் கேள்வி எனக்குத் தோணினதே இல்லை. மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய் சதுப்பு நிலத்தைக் காட்டினேன். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம், உலக லெவல் பெருமை, ஃப்ளெமிங்கோ எல்லாம் வரும்னு பீட்டர் விட்டேன். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணி வந்த கதையும் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இவ்ளோ தண்ணி பக்கத்துல வெச்சுக்கிட்டு லாரியா?" என்றார். பல்பு!

அதே மாடியிலிருந்து இன்னொரு பல்பு. கொரியாவில் 1995-லிருந்து குப்பை போடணும்னா அதுக்கான பையைக் காசு கொடுத்து வாங்கணும். எவ்வளவு குப்பையோ அவ்வளவு பை, அவ்வளவு காசு. சாப்பாட்டுக் கழிவு தனி. பல அபார்ட்மென்ட்களில் அதை எடை போட்டு பில் போட மெஷினே இருக்கு. அந்தப் பழக்கத்தில் அக்கா இங்கேயும் நாலு பையாகப் பிரிச்சுக் கட்டிக் கீழே எடுத்துட்டு வந்தார். கீழே இருந்தது ஒரே ஒரு நீல டிரம். வாட்ச்மேன் தாத்தா நாலையும் வாங்கி அதே டிரம்மில் தள்ளினார். "இது எங்கே போகும்?" என்றார் அக்கா. மாடியிலிருந்து பெருங்குடி பக்கம் கையைக் காட்டினேன். குப்பை மலையைத் தோண்டிப் பிரிக்கிற வேலை அப்போதே நடந்துட்டு இருந்ததுங்கறதையும் சொன்னேன். நம்ம மானத்தைக் கொஞ்சமாவது காப்பாத்தணும் இல்லையா!

நெயில்... நாளை!

அக்கா போனில் ஒரு மொழிபெயர்ப்பு ஆப் வைத்திருந்தார். அது பேசுற தமிழைக் கேட்டால் எங்க தமிழ் ஐயாவே கைகட்டி நிற்பார். கேன் போட வந்த பையனிடம் அது, "தங்கள் வருகைக்கு நன்றி. நீரின் விலை யாது?" என்றது. பையன் கேனை வாசலிலேயே போட்டுட்டு ஓடிட்டான். அன்னிக்குத்தான் நான் ஆஸ்தான மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

அவர் கத்துக்கிட்ட முதல் தமிழ் வார்த்தை 'தம்பி'. ரெண்டாவது 'நாளைக்கு'. கொரிய மொழியில் நாளைக்கு 'நெயில்'னு சொல்வாங்களாம். தமிழும் கொரியனும் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பினு நம்ம ஆளுங்க அடிச்சு விடுறதை நான் நம்புறதில்லை. ஆனா நெயில், நாளை... சவுண்டு என்னமோ கிட்டத்தட்ட ஒண்ணுதான். அர்த்தம்தான் வேற. அவங்க ஊர் 'நெயில்' வந்தா ஆள் வந்து நிப்பான். நம்ம எலெக்ட்ரீஷியன் "நாளைக்கு வரேன் மேடம்" சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு நான் உட்கார வைத்துப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது.

ப்ளம்பர் மேட்டருக்கு அப்புறம் நிலைமை வேகமா வளர்ந்தது. ஏசி சர்வீஸ், கொசுவலை அடிக்கிறது, வாஷிங் மெஷின் ஸ்டாண்ட், ஜன்னல் கொக்கி... எல்லாத்துக்கும் ரெண்டு விலை. ஒண்ணு எங்க ரேட்டு, இன்னொண்ணு 'கொரியா ரேட்டு'. அந்தப் பேரை வைத்தது யாருன்னு தெரியலை. வாட்ச்மேன் தாத்தாவுக்குத் தெரியும், சிலிண்டர் போடுற அண்ணனுக்குத் தெரியும், செகரட்டரி அங்கிளுக்கும் தெரியும். தெரியாதது அக்காவுக்கு மட்டும்தான்னு நான் நினைச்சுட்டு இருந்தேன். ஆப் வழியா புக் பண்ணினால் விலை முன்னாடியே போனில் வந்துடும், அர்பன் கம்பெனி மாதிரி. ஆனா உடைஞ்ச கொக்கிக்கும், சம்ப்பில் சிக்கின மோட்டாருக்கும் தெருமுனை ஆள்தானே வரணும்.

எனக்கு மொத்தம் எவ்வளவு தேறிச்சு? எழுநூற்றைம்பது ரூபாய். கணக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

ஒரு நாள் ப்ளம்பர் அண்ணனிடம் கேட்டே விட்டேன். "பாவம்ணா, ஏன் இப்படி?" அவர் கோபப்படலை. பீடியைப் பத்த வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "உங்கப்பாகிட்ட எண்ணூறு கேட்டா அறுநூறு குடுப்பாரு. அதையும் ரெண்டு வாரம் இழுப்பாரு. அந்தம்மா கேட்டவுடனே குடுக்குது. ஜூஸ் குடுத்து சேர் போட்டு உக்கார வைக்குது. உங்க வீட்டுக்கு எத்தனை வருஷமா வரேன், என்னைக்காச்சும் சேர் போட்டிருக்கீங்களா தம்பி?"

என்கிட்ட பதில் இல்லை. 'அப்போ சேர் போடுறவங்ககிட்ட ஏன்ணா அதிகமா வாங்குறீங்க?'னு திருப்பிக் கேட்க இப்போ தோணுது. அப்போ தோணலை.

ரெண்டாவது மொழிபெயர்ப்பு

பாத்திரம் தேய்க்க, வீடு துடைக்க எங்க பில்டிங்கில் நாலு வீட்டுக்கு ஒரு அக்கா வருவாங்க. பெரும்பாக்கம் வாரிய குடியிருப்பில் வீடு. சிட்டிக்குள்ளிருந்து அங்கே மாத்தி அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒண்ணு. காலையில் பஸ் பிடிச்சு, மீதி நடந்து எட்டு மணிக்கு வந்துடுவாங்க. எங்க வீட்டில் மாசம் ரெண்டாயிரத்து ஐநூறு. கொரியாக்கா அதே வேலைக்கு ஆறாயிரம் தர ஆரம்பிச்சார். ஞாயிற்றுக்கிழமை லீவு வேற!

அசோசியேஷனில் அணுகுண்டு! "ரேட்டைக் கெடுத்துட்டாங்க", "நாளைக்கு நம்மகிட்டயும் கேப்பா", "வெளிநாட்டுக்காரிக்கு என்ன தெரியும்"... வாட்ஸ்அப் குரூப்பில் அனல். கவனிச்சீங்களா? அந்த அக்காவை ப்ளம்பர் ஏமாத்தினப்போ இந்தக் குரூப்பில் ஒரு மெசேஜ்கூட வரலை. வேலைக்கு வர்றவங்களுக்கு நாலு காசு அதிகமா குடுத்தப்போதான் எல்லாருக்கும் நியாயம் ஞாபகம் வந்துச்சு.

தூது போகச் சொன்னது என்னைத்தான். "ஏரியா ரேட் ரெண்டாயிரத்து ஐநூறுதான், அதுக்கு மேல குடுக்காதீங்கன்னு பக்குவமா சொல்லிடுடா" என்றார் அப்பா.

போனேன். பக்குவமா சொன்னேன். அக்கா ஒரே கேள்விதான் கேட்டார். "ப்ளம்பருக்கு ஏரியா ரேட் எவ்வளவு?"

எனக்கு வேர்த்துடுச்சு. "தெரியலைக்கா, ஆளுக்கு ஆள் மாறும்" என்றேன். பொய் நம்பர் ரெண்டு. இந்தத் தடவை யார் சொன்னதையும் மொழிபெயர்க்கலை, சொந்தச் சரக்கு. அக்கா தலையை ஆட்டிவிட்டு, "சம்பளம் குறைக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். கீழே வந்து அப்படியே ஒப்பிச்சேன். அடுத்த மாசம் ரெண்டு வீடு ஐநூறு ரூபாய் ஏத்தினாங்க. ஒரு வீட்டில் வேலைக்கு ஆளே வேண்டாம்னு நிறுத்திட்டாங்க. வீட்டு வேலை செய்றவங்களுக்குனு தமிழ்நாட்டில் 2007-லிருந்து ஒரு நல வாரியமே இருக்கு. எங்க குரூப்பில் யாரும் அதைப் பத்திப் பேசலை. அப்போ எனக்கும் தெரியாது.

அப்புறம் மிக்ஜாம் வந்தது. 2023 டிசம்பர் 3 ராத்திரி ஆரம்பிச்ச மழை 4-ம் தேதி முழுக்க விடலை. பள்ளிக்கரணைக்கு அன்னிக்கு என்ன ஆச்சுன்னு டி.வி.யில் பார்த்திருப்பீங்க. எங்க கார் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணி. கீழ் வீட்டுக்காரங்க எல்லாம் மாடிப்படியில். கரன்ட் இல்லை, சிக்னல் இல்லை. சம்ப்புக்குள்ள சாக்கடை கலந்துடுச்சு. கொரியா சார் கம்பெனி பக்கமே மாட்டிக்கிட்டார். அக்கா தனியா இருந்தார்.

மூணாவது நாள் தண்ணி கொஞ்சம் வடிஞ்சதும் ஒருத்தர் தெருமுனையில் கேன் வித்தார். நாப்பது ரூபாய் கேன் நூத்தைம்பது. பால் கேட்ட விலைக்கு. "அநியாயம்யா இது!"னு செகரட்டரி அங்கிள் கத்தினார். அந்த ஒரு வாரம் எங்க எல்லாருக்குமே கொரியா ரேட்டு!

கொரியாக்கா வீட்டில் மட்டும் ஆறு கேன் ஃபுல்லா இருந்தது. வந்த நாளிலிருந்தே நம்ம 'நாளைக்கு' மேல நம்பிக்கை இல்லாம சேர்த்து வைத்தது. நாலு கேனைப் படிக்கட்டில் கொண்டு வந்து வெச்சார். அவங்க ஊரில் வீட்டுக்கு ஒண்ணு இருக்குமாம், சூட்கேஸ் மாதிரி ஒரு குட்டி கேஸ் அடுப்பு. அதில் ராமியான் செஞ்சு கப்பு கப்பா கொடுத்தார். முதல் மாடி மாமி, "இது சைவம்தானே?"னு என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். அக்கா பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சுப் பார்த்துட்டு 'இல்லை'னு தலையாட்டினார். மாமிக்குத் தனியா சோறு வடிச்சுக் கொடுத்தார்.

பெரும்பாக்கம் அக்கா பன்னிரண்டு நாள் வரலை. அவங்க பக்கமும் வெள்ளம். வந்த மாசம் மூணு வீட்டில் சம்பளத்தைப் பிடிச்சாங்க. எங்க வீடும் அதில் ஒண்ணு. கொரியாக்கா பிடிக்கலை.

நோட்டு

அந்த வாரம்தான் சொன்னேன். கரன்ட் வந்த அன்னிக்கு மேலே போய், இருநூறு ரூபாயில் ஆரம்பிச்சு எழுநூற்றைம்பது வரைக்கும் எல்லாத்தையும் கொட்டிட்டேன். என்னைக் கட்டிப் பிடிச்சு 'பரவாயில்லை தம்பி'னு சொல்வாங்கனு எதிர்பார்த்தேன். சினிமா நிறையப் பார்க்கிறோம்ல!

அவர் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துட்டு வந்தார். தேதி போட்டு ரெண்டு காலம். ஒண்ணில் அவர் கொடுத்த தொகை. இன்னொண்ணில் எங்க பில்டிங் விலை. அதை ஒவ்வொரு தடவையும் பெரும்பாக்கம் அக்காகிட்ட சைகையிலேயே கேட்டு எழுதியிருக்கார். ஃப்ளஷ் வால்வு: 2000, 600. எல்லாம் தெரிஞ்சிருக்கு! "புது ஊர்ல இது பாடம் கத்துக்கிற ஃபீஸ். ப்ளம்பருக்குக் குடுத்தது எனக்கு வருத்தம் இல்லை" என்றார். அடுத்துச் சொன்னதுதான் இன்னும் குத்துது. "ஆனா நீ எனக்கு வாத்தியார்னு நினைச்சேன்."

'தேங்க்யூ' சொல்லிக் கதவைச் சாத்தினார். அதுக்கப்புறம் ஒரு மாசம் என்னைக் கூப்பிடலை. மாடிப்படியில் மறுபடி அந்த ஆப் குரல்: "தயவுசெய்து குளிர்சாதனப் பெட்டியைப் பழுது நீக்கவும்."

இந்த 'ஃபீஸ்' எல்லா ஊரிலும் இருக்குங்கறது எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. எங்க காலேஜ் சீனியர் ஒருத்தர் எம்.எஸ். படிக்க ஜெர்மனி, ஸ்டுட்கார்ட் போனார். வாடகைக்குப் பார்த்த முதல் வீட்டில் கிச்சனே இல்லையாம். சுவர் மட்டும்தான். சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாம் குடி வர்றவங்களே கொண்டு வரணும், அங்கே அது சகஜம். டி.வி.யே இல்லைனாலும் வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம். மாடிப்படி கூட்டுறதுக்கு வீட்டுக்கு வீடு முறை உண்டு, அந்த ஏரியாவில் அதுக்கு 'கேர்வோகே'னு பேர். ஒரு ஞாயித்துக்கிழமை குப்பை கொட்ட வெளியே வந்திருக்கார், கதவு தானா பூட்டிக்கிச்சு, சாவி உள்ளே. பூட்டுத் திறக்க வந்தவர் ரெண்டே நிமிஷத்தில் திறந்துட்டு 250 யூரோ வாங்கிட்டுப் போயிட்டாராம். "பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் பார்த்துட்டே நின்னார்டா. அது ரொம்ப அதிகம்னு மறுநாள் சொல்றார். அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் சீனியர் போனில். நான் பேச்சை மாத்திட்டேன்.

ஜனவரி கடைசியில், ஏசியிலிருந்து தண்ணி சொட்டி எங்க பால்கனி வரைக்கும் வந்தப்போ, அக்கா எங்க வீட்டுக் கதவைத் தட்டினார். கூடவே ஒரு கண்டிஷன். வேலை ஆரம்பிக்கும் முன்னாடி ரேட்டைப் பேப்பரில் எழுதணும். நான் எழுதணும், வந்தவர் படிச்சுப் பார்க்கணும். ப்ளம்பர் அண்ணனையே கூப்பிட்டு உட்கார வைத்து (சேர் போட்டுத்தான்!) ஒரு லிஸ்ட் போட்டோம். வால்வு இவ்வளவு, டேப் இவ்வளவு, சம்ப் கழுவ இவ்வளவு. எங்க ரேட்டை விடக் கொஞ்சம் அதிகம்தான். "உடனே காசு குடுக்கிறாங்களே, அதுக்குக் குறைச்சுக்கிறேன். ஆனா உங்கப்பா ரேட்டுக்கு என்னால முடியாது தம்பி" என்றார் அண்ணன். தமிழ், இங்கிலீஷ், கொரியன் மூணிலும் எழுதிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினார் அக்கா. அப்பா ஒரு நாள் மேலே போனப்போ அதை நைஸா போட்டோ எடுத்துட்டு வந்தார். இப்போ எங்க வீட்டிலும் பேரம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. சேர்... அம்மா போடுறாங்க, அப்பா இன்னும் பார்க்காத மாதிரிதான் இருக்கார்.

2025 ஜூனில் அவங்க ஊருக்குத் திரும்பினாங்க. குட்டி அடுப்பு பெரும்பாக்கம் அக்கா வீட்டுக்குப் போயிடுச்சு. நோட்டை அவர் கூடவே எடுத்துட்டுப் போயிட்டார். எனக்கு ஒரு பாக்கெட் ராமியானும் ஒரு கவரும். கவரில் எழுநூற்றைம்பது ரூபாய் இருக்கும்னு பயந்து பயந்து பிரிச்சேன். இல்லை. ஒரு வாத்தியாருக்கு எழுதின மாதிரி ஒரு நன்றிக் கடிதம், அந்த ஆப் தமிழில். அதைப் படிச்சதுக்குப் பணமாவே இருந்திருக்கலாம்.

இப்போ மேல் வீட்டில் ஒடிசாவிலிருந்து ஒரு ஐ.டி. ஜோடி. தமிழ் தெரியாது. போன மாசம் அவங்க கிச்சன் டேப் உடைஞ்சு, மறுபடியும் நான்தான் நடுவில். ப்ளம்பர் அண்ணன் டேப்பைத் தட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆயிரத்து இருநூறு ஆகும்னு சொல்லு தம்பி" என்றார்.

நான் ஒண்ணும் சொல்லலை. கதவைச் சாத்தி உள்பக்கத்தைக் காட்டினேன். மூணு மொழி லிஸ்ட், ஓரம் கிழிஞ்சு அப்படியே இருந்தது. டேப்: 450.

அண்ணன் கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கிப் படிச்சார்.

"யோவ் தம்பி... இது 2024 ரேட்டுய்யா!"